இத்தாலியின் திராட்சைக் குன்றுகள்: பட்டினி கிடந்த ஊர்கள் பெயர் வாங்கிய கதை!

இத்தாலியின் வடமேற்கு மூலையில் இருக்கிறது பீட்மாண்ட் மாநிலம். தலைநகரம் டூரின். அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போனால் டனாரோ ஆறு வரும். ஆற்றைத் தாண்டியதும் அலை அலையாகக் குன்றுகள் தொடங்கும். இவைதான் லாங்கே குன்றுகள். நடுவில் ஆல்பா என்ற சிறு நகரம். சுற்றிலும் குன்றின் உச்சிகளில் கோட்டையும் தேவாலய மணிக்கூண்டுமாகக் குட்டிக் குட்டிக் கிராமங்கள். கிராமத்தின் வாசல்படி வரை திராட்சைக் கொடி.

இந்தக் குன்றுகளின் திராட்சைத் தோட்டங்களை, பக்கத்துப் பகுதிகளான ரொயேரோ, மோன்ஃபெர்ராத்தோ ஆகியவற்றோடு சேர்த்து 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. கோயிலையும் கோட்டையையும் அறிவிப்பது வழக்கம். இங்கே விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக உழுது, கவாத்து செய்து உருவாக்கிய நிலமே அந்தப் பெருமையைப் பெற்றது.

உலகம் முழுவதிலுமிருந்து இங்கே வருகிறவர்கள் பரோலோ, பர்பரெஸ்கோ என்ற இரண்டு ஒயின்களைத் தேடித்தான் வருகிறார்கள். ஆனால், விவரம் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கிடைத்துவிட்டால், குடுவையைக் காட்டுவதற்கு முன்பு அவர் குன்றின் விளிம்பில் நிறுத்தி நிலத்தைத்தான் காட்டுவார்.

எந்தப் பக்கம் எந்தப் பயிர்?

லா மோரா என்ற கிராமத்தின் உச்சியில் ஒரு திடல் இருக்கிறது. அங்கே நின்றால் பரோலோ பகுதியின் பெரும்பாலான குன்றுகள் ஒரே பார்வையில் தெரியும். முதல் பார்வைக்கு எல்லாமே திராட்சை மாதிரிதான் இருக்கும். வழிகாட்டி சொல்லச் சொல்லத்தான் நிலத்தின் கணக்கு புரியும்.

தெற்கும் தென்மேற்கும் பார்த்த சரிவில் வெயில் அதிக நேரம் விழும். குளிர்காலத்தில் பனி முதலில் உருகுவதும் அங்கேதான். அப்படிப்பட்ட சரிவை உள்ளூர்ப் பேச்சில் ‘சொரி’ என்பார்கள். அந்த முதல்தரமான இடம் நெபியோலோ என்ற திராட்சைக்கு. இது சீக்கிரம் துளிர்க்கும், ஆனால் மிகத் தாமதமாகப் பழுக்கும். அக்டோபர் மாதத்தில், குன்றுகளைப் பனிமூட்டம் சூழும் நேரத்தில்தான் வழக்கமாக அறுவடை. இத்தாலிய மொழியில் பனிமூட்டத்துக்கு ‘நெபியா’ என்று பெயர். திராட்சையின் பெயரே அதிலிருந்து வந்ததாகப் பலர் சொல்வார்கள்.

வெயில் கொஞ்சம் குறைந்த சரிவில் பார்பெரா என்ற ரகம். இன்னும் குளிர்ச்சியான, உயரமான இடங்களில், சீக்கிரம் பழுத்துவிடும் தோல்செட்டோ. வீட்டில் தினச் சாப்பாட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்துக்கொள்வது இந்த ரகத்தின் ஒயின்தான். வடக்குப் பார்த்த சரிவில் ஹேசல்நட் தோப்பும் காடும். பள்ளத்தாக்கின் அடியில் ஈரம் தங்கும், குளிர்காற்றும் அங்கேதான் இறங்கி நிற்கும். அதனால் அங்கே மேய்ச்சல் நிலமும் மக்காச்சோளமும் பாப்லர் மரங்களும்.

ஒரே குன்றில் நான்கைந்து பயிர். எதை எங்கே வைப்பது என்று வெயிலும் குளிரும் சொல்ல, மனிதர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

மண்ணிலும் வித்தியாசம் உண்டு. கடலுக்கு அடியில் படிந்து, பிறகு மேலே எழுந்த நிலம் இது. லா மோரா, பரோலோ பக்கம் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புச்சத்துள்ள களிமண். செர்ராலுங்கா பக்கம் மணற்கல் கலந்த, சத்துக் குறைந்த மண். ஒரே ரகத் திராட்சைதான். ஆனாலும் முதல் மண்ணில் விளைந்ததன் ஒயின் சீக்கிரம் மென்மையாகிவிடும். இரண்டாவது மண்ணில் விளைந்தது பதமாவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

உத்தரத்தில் தொங்கிய ஒரு மீன்

இன்று இந்த ஊர்களில் பளபளக்கும் உணவகங்கள் இருக்கின்றன. எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. இத்தாலியின் வறுமை மிகுந்த பகுதிகளில் ஒன்று லாங்கே. பலர் பாதி வாரத்துக்கு நிலத்தை உழுதார்கள். விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. புதிதாக அப்படி வாரத்துக்கு விடக் கூடாது என்று இத்தாலியில் சட்டம் வந்தது 1964-ல்தான்.

ஆல்பாவில் 1922-ல் பிறந்த எழுத்தாளர் பெப்பே ஃபெனோலியோ, ‘லா மலோரா’ என்ற குறுநாவலை 1954-ல் வெளியிட்டார். வறுமை தாங்காத குடும்பம் ஒன்று, தன் மகனை வாரக் குடியானவர் ஒருவர் வீட்டுக்குப் பண்ணையாளாக அனுப்பிவிடும் கதை. ‘மலோரா’ என்றால் நாசம், கேடு என்று பொருள். உள்ளூர்க்காரர்களுக்கு அது கதை மட்டுமில்லை. தங்கள் தாத்தா பாட்டி பட்டதை அதில் பார்க்கிறார்கள்.

அந்தக் காலத்துச் சாப்பாடு பெரும்பாலும் பொலெந்தா. மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கொட்டிக் கிளறும் களிதான் அது. தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாத வீட்டில், உப்பில் ஊறிய நெத்திலி மாதிரியான மீன் ஒன்றை நூலில் கட்டி உத்தரத்திலிருந்து மேஜைக்கு மேலே தொங்கவிடுவார்களாம். ஆளாளுக்குத் தங்கள் களித்துண்டை அதில் ஒருமுறை தேய்த்துவிட்டுச் சாப்பிட வேண்டும். வாசனை மட்டும்தான் பங்கு. இதை அந்தப் பகுதியில் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

கடலே இல்லாத இந்தக் குன்றுகளுக்கு மீன் எப்படி வந்தது? தெற்கே மலையைத் தாண்டினால் லிகூரியா கடற்கரை. அங்கிருந்து உப்பும் ஆலிவ் எண்ணெயும் உப்பு மீனும் கோவேறு கழுதைகளின் முதுகில் வந்தன. அந்தப் பாதைகளுக்கு ‘உப்புப் பாதை’ என்றே பெயர். உப்புக்கு வரி அதிகம் என்பதால், பீப்பாயில் உப்பை நிரப்பி மேலே மீனை அடுக்கி, சுங்கக்காரர்களை ஏமாற்றினார்கள் என்றும் ஒரு கதை உண்டு.

மணமகள் தேடி ஆயிரம் கிலோமீட்டர்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டூரினில் கார் தொழிற்சாலைகள் வளர்ந்தன. மாதச் சம்பளம், குழாய்த் தண்ணீர், சினிமா… இளைஞர்கள் குன்றிலிருந்து இறங்கினார்கள். இளம்பெண்கள் இன்னும் வேகமாக இறங்கினார்கள். விவசாயம் செய்கிறவனைக் கட்டிக்கொள்ள உள்ளூர்ப் பெண்கள் தயாராக இல்லை. நிலமும் வீடும் இருந்தும், நாற்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகாத ஆண்கள் கிராமத்துக்கு கிராமம் இருந்தார்கள்.

அப்போது ‘பாச்சியலே’ எனப்படும் கல்யாணத் தரகர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இத்தாலி வரைபடத்தில் காலணி போன்ற பகுதியின் நுனியில் இருப்பது கலாப்ரியா மாநிலம். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தூரம். லாங்கேயைவிட வறுமை அதிகம். 1960, 70-களில் அங்கிருந்து ஏராளமான பெண்கள் லாங்கே விவசாயிகளுக்கு மனைவியாக வந்தார்கள். புகைப்படத்தைப் பார்த்து நிச்சயமான கல்யாணங்களும் உண்டு. ஒரே நாடுதான். ஆனால், வட்டார மொழி புரியாது. சாப்பாடு வேறு. பனி கொட்டும் குளிர் புதிது. மாமியாருக்கும் மருமகளுக்கும் பேசிக்கொள்ளப் பொது வார்த்தைகள் குறைவு.

அப்படி வந்தவர்கள்தான் பல பண்ணைகளைக் காப்பாற்றினார்கள். குனேயோ நகரைச் சேர்ந்த எழுத்தாளர் நூத்தோ ரெவெல்லி, கிராமத்துப் பெண்களின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்து 1985-ல் ஒரு புத்தகமாக்கினார். அந்த நூலுக்கு அவர் வைத்த பெயரின் பொருள், ‘வலுவான வளையம்’. சங்கிலியில் அறுந்துபோகாத கண்ணி பெண்கள்தான் என்பது அதன் கருத்து.

வேலையாட்களை அழைக்க வந்த பஸ்

லாங்கே முழுவதும் காலியாகாமல் போனதற்கு ஹேசல்நட்டும் ஒரு காரணம். இங்கே விளையும் ஹேசல்நட் உருண்டையானது, தோல் சுலபமாக உரியும், வறுத்தால் மணம் தூக்கலாக இருக்கும். ‘பீட்மாண்ட் ஹேசல்நட்’ என்ற பெயர் 1993 முதல் புவிசார் பாதுகாப்பில் இருக்கிறது. கொர்தெமிலியா என்ற ஊரின் சுற்றுவட்டாரத்தில், சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு நிலங்களில் இந்தத் தோப்புகளைப் பார்க்கலாம்.

போர் முடிந்த சமயத்தில் கோக்கோ கிடைப்பது அரிது, விலையும் அதிகம். ஆல்பாவில் மிட்டாய்க்கடை வைத்திருந்த பியெத்ரோ ஃபெரேரோ, கொஞ்சம் கோக்கோவோடு நிறைய ஹேசல்நட்டைச் சேர்த்து அரைத்து ஓர் இனிப்புக்கட்டி செய்தார். 1946-ல் நிறுவனம் தொடங்கியது. அந்த இனிப்பே மெருகேறி, 1964-ல் ‘நுடெல்லா’ என்ற பெயரில் புட்டியில் வந்தது. கையில் இருந்த சரக்கை வைத்து, இல்லாத சரக்கின் குறையை ஈடுகட்டியதன் விளைவு அது.

அந்தத் தொழிற்சாலை செய்த இன்னொரு காரியத்தை உள்ளூரில் மறக்கவில்லை. வேலையாட்களை ஆல்பாவுக்குக் குடிவரச் சொல்லாமல், குன்றுக் கிராமங்களுக்கே பஸ் அனுப்பி அழைத்துக்கொண்டது. ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் திரும்பக் கொண்டுவந்து விடும். சம்பளம் கிடைத்தது. மாலையிலும் விடுமுறை நாளிலும் தோட்டத்தையும் பார்க்க முடிந்தது. நிலத்தை விற்காமல் தாக்குப்பிடித்த பல குடும்பங்கள் இப்படித்தான் தாக்குப்பிடித்தன.

பாதிரியார் கூட்டிய 19 பேர்

அடுத்து வழிகாட்டிகள் அழைத்துப் போகும் ஊர் பர்பரெஸ்கோ. டனாரோ ஆற்றுக்கு மேலே, பழைய கல் கோபுரத்தோடு நிற்கும் சின்னஞ்சிறு கிராமம். சிறு விவசாயிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இங்கேதான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பரோலோ என்ற பெயருக்கு ஏற்கெனவே மதிப்பு வந்துவிட்டது. பர்பரெஸ்கோ விவசாயிகளோ அதே நெபியோலோ ரகத்தை விளைவித்தும் வெறும் திராட்சையாகத்தான் விற்றார்கள். வாங்குகிறவர் வைத்ததே விலை. ஆல்பாவில் இருந்த ஒயின் தொழில்நுட்பப் பள்ளியின் இயக்குநர் தொமித்ஸியோ கவாத்ஸா, 1894-ல் ஒன்பது விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவுக் கூடத்தைத் தொடங்கினார். ஒயினுக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். பிறகு முசோலினியின் பாசிச ஆட்சிக் காலத்தில் அந்தக் கூட்டுறவு மூடப்பட்டது. விவசாயிகள் பழையபடி தரகர்களிடம் போனார்கள்.

1958-ல் கிராமத்துப் பாதிரியார் ஃபியொரினோ மரேங்கோ மறுபடியும் ஆரம்பித்தார். சிறு நிலக்காரர்கள் பிழைக்க வேண்டும் என்றால் சேர்ந்து விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்று 19 பேரைக் கூட்டினார். கட்டடம் கட்டப் பணம் இல்லை. முதல் மூன்று அறுவடைகளின் திராட்சையைத் தேவாலயத்தின் நிலவறையிலேயே ஒயினாக்கினார்கள். பிறகுதான் தேவாலயத்துக்கு எதிரே சொந்தக் கூடம் வந்தது.

இன்று அந்தக் கூட்டுறவில் சுமார் 50 குடும்பங்கள். மொத்தம் 100 ஹெக்டேருக்கும் மேல் நிலம். சராசரியாகப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு ஐந்தாறு ஏக்கர்தான். அதை வைத்துக்கொண்டு உலகச் சந்தையில் மதிப்போடு நிற்கிறார்கள் என்றால், அவர்கள் வகுத்துக்கொண்ட சில விதிகள்தான் காரணம்.

முதல் விதி: உறுப்பினர் தன் நெபியோலோ திராட்சை முழுவதையும் கூட்டுறவுக்கே தர வேண்டும். நல்லதை வெளியே விற்றுவிட்டு, மிச்சத்தை இங்கே கொட்டும் வேலை நடக்காது.

இரண்டாவது: எடைக்கு மட்டும் பணம் கிடையாது. சர்க்கரை அளவும் தரமும் பார்த்துத்தான் விலை. குறைவாக விளைவித்தாலும் நன்றாக விளைவித்தவருக்கு நல்ல பணம்.

மூன்றாவது: கூட்டுறவு தயாரிப்பது நெபியோலோ ஒயின் மட்டும். நல்ல விளைச்சல் உள்ள ஆண்டுகளில் ஒன்பது தோட்டப் பகுதிகளின் திராட்சையைத் தனித்தனியே ஒயினாக்கி, அந்தந்த இடத்தின் பெயரிலேயே விற்கிறார்கள்.

பெயருக்குக் காவல்

1986-ல் இத்தாலியை ஓர் அதிர்ச்சி உலுக்கியது. மலிவு விலை ஒயினில் போதையைக் கூட்ட மெத்தனால் கலந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சிலருக்குக் கண் பார்வை போனது. கலப்படத்தில் ஈடுபட்டவர்களில் சிலர் லாங்கேக்குப் பக்கத்துப் பகுதிக்காரர்கள். எங்கோ நடந்த தவறுக்கு நேர்மையான விவசாயிகளும் விலை கொடுத்தார்கள். இத்தாலிய ஒயின் என்றாலே வெளிநாடுகளில் வேண்டாம் என்றார்கள். ஏற்றுமதி படுத்துவிட்டது.

அதற்குப் பிறகு, மொத்தமாக விற்கும் பழக்கத்தை விட்டுவிட்டுத் தங்கள் பெயரில், தங்கள் தோட்டத்து முகவரியோடு விற்கும் குடும்பங்கள் கூடின. ‘எந்தச் சரிவில் விளைந்தது, யார் விளைவித்தது’ என்பதே நம்பிக்கைக்கு அடையாளம் ஆனது.

பரோலோ என்ற பெயரைப் போட்டுக்கொள்ள விதிகள் கடுமை. 11 கிராமங்களின் எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். நெபியோலோ ரகம் மட்டும்தான். குன்றுச் சரிவில், கடல்மட்டத்திலிருந்து 170 முதல் 540 மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். நேர் வடக்குப் பார்த்த நிலம் கூடாது. ஒரு ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் எடுக்கக் கூடாது. அதாவது ஏக்கருக்கு மூன்றே கால் டன்கூட இல்லை. விளைந்த பிறகு குறைந்தது 38 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். 2010-ல் தோட்டப் பகுதிகளின் எல்லைகளை வரையறுத்து, 181 பெயர்களை அதிகாரப்பூர்வமாகப் பட்டியலிட்டார்கள்.

விளைச்சலைக் குறைக்க, கோடையில் பச்சைக் குலைகளிலேயே ஒரு பகுதியை வெட்டிக் கீழே போடுகிறார்கள். பசியோடு வளர்ந்த பழைய தலைமுறைக்கு இது பெரிய பாவமாகத் தெரிந்தது. மகன் வெட்டிப்போட்ட குலைகளைப் பார்த்து அப்பாக்கள் கோபித்துக்கொண்ட கதைகள் இந்தக் குன்றுகளில் நிறைய உண்டு.

மதியச் சாப்பாடு

வழிகாட்டி அழைத்துப் போகும் சாப்பாட்டு இடம் பெரும்பாலும் ஒரு பண்ணை வீடாக இருக்கும். இத்தாலியில் சட்டப்படி, விவசாயி தன் பண்ணையில் விருந்தினரைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுச் சம்பாதிக்கலாம். ஆனால் விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும். பரிமாறுவதில் சொந்தப் பண்ணையில் விளைந்ததும் இடம்பெற வேண்டும்.

முதலில் வருவது ‘பான்யா காவ்தா’. ‘சூடான குழம்பு’ என்று அர்த்தம். ஆலிவ் எண்ணெயில் பூண்டையும் உப்பு மீனையும் கரையக் கரைய வேகவைத்து, மண்சட்டியில் அடியில் சிறு நெருப்போடு மேஜைக்கு நடுவே வைப்பார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து காய்கறிகளைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். திராட்சை அறுவடை முடிந்த களைப்பைப் போக்கும் உணவு இது.

தோய்க்கும் காய்களில் ஒன்று ‘கார்டூன்’. முள்செடி வகையைச் சேர்ந்தது, தண்டுதான் உணவு. பக்கத்து நித்ஸா ஊர் விவசாயிகள் இதை வளர்க்கும் விதமே தனி. செடி வளர்ந்ததும் அதை ஒரு பக்கம் சாய்த்து மண்ணால் மூடிவிடுவார்கள். வெளிச்சம் தேடி அது வளைந்து எழும்பப் பார்க்கும். வெயில் படாததால் தண்டு வெளுத்து, கசப்பு போய், பச்சையாகவே தின்னும் அளவுக்கு இளசாகிவிடும். முதுகு வளைந்திருப்பதால் ‘கூனன்’ என்று பெயர்.

அடுத்து ‘தயரின்’. மாவில் முட்டை மஞ்சள் கருவைக் கணக்கில்லாமல் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய ரிப்பனாக அரிந்த நூடுல்ஸ். ஒரு கிலோ மாவுக்கு முப்பது மஞ்சள் கரு வரை போடுகிறவர்கள் உண்டு. பிறகு ‘அன்யொலொத்தி தெல் ப்ளின்’. நம் சோமாசு போல உள்ளே பூரணம் வைத்த சிறு உருண்டைகள். ‘ப்ளின்’ என்றால் கிள்ளுவது. ஓரத்தைக் கிள்ளி மூடுவதால் இந்தப் பெயர். முந்தின நாள் மிஞ்சிய இறைச்சியையும் கீரையையும் வீணாக்காமல் அரைத்துப் பூரணமாக்கியதில் பிறந்தது. பஞ்ச காலத்துச் சிக்கனம் இன்று விருந்தாகிவிட்டது.

இந்தப் பக்கத்திலிருந்துதான் ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கமும் கிளம்பியது. அருகே உள்ள பிரா நகரில் 1949-ல் பிறந்த கார்லோ பெத்ரினிதான் அதைத் தொடங்கியவர். உணவு சுவையாக இருக்க வேண்டும், மண்ணைக் கெடுக்காமல் விளைய வேண்டும், விளைவித்தவருக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. 2004-ல் பக்கத்து பொல்லென்ஸோவில் உணவியலுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் திறந்தார்கள்.

நாய் தேடும் புதையல்

இலையுதிர் காலத்திலிருந்து ஜனவரி வரை, இரவில் டார்ச் விளக்கோடும் நாயோடும் காட்டுக்குள் நடக்கிறவர்களைப் பார்க்கலாம். அவர்கள் தேடுவது வெள்ளை ட்ரஃபிள். மண்ணுக்கு அடியில் ஓக், பாப்லர், லிண்டன் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி வளரும் காளான் இனம். கிலோ பல ஆயிரம் யூரோ. மற்ற காளான்களைப் போல இதை நினைத்த இடத்தில் வளர்க்க முடிவதில்லை. இரவில் போவதற்கு ஒரு காரணம், தன் இடம் அடுத்தவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான்!

இதற்குத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். தோண்டிய குழியை மண் போட்டு மூட வேண்டும். அப்போதுதான் அடுத்த ஆண்டும் கிடைக்கும். ரொத்தி கிராமத்தில் நாய்களைப் பழக்க 1880-ல் தொடங்கிய பள்ளிக்கூடம் புகழ்பெற்றது. இத்தாலியின் ட்ரஃபிள் தேடும் அறிவை 2021-ல் யுனெஸ்கோ பாரம்பர்யக் கலையாக ஏற்றுக்கொண்டது.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் உண்டு. ட்ரஃபிள் தரும் மரத்தை வெட்டாமல் பராமரிக்கும் நில உரிமையாளருக்கு, பீட்மாண்ட் மாநில அரசு மரக் கணக்கில் உதவித்தொகை தருகிறது. மரத்தை வெட்டிவிட்டுத் திராட்சை நடலாமே என்ற ஆசைக்கு ஒரு கடிவாளம்.

விலை ஏறியதில் வந்த வினை

அந்த ஆசை சாதாரணமானதில்லை. பரோலோ தோட்டங்களில் ஒரு ஹெக்டேர் நிலம் 10 லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. நம் கணக்கில் இரண்டரை ஏக்கருக்குச் சுமார் 10 கோடி ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், அந்த விலைக்கு நிலம் வாங்கி விவசாயம் செய்து முதலை எடுக்க எந்த இளம் விவசாயியாலும் முடியாது. அப்பா இறந்து நான்கு பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது, விவசாயம் செய்ய நினைக்கும் ஒரு பிள்ளையால் மற்ற மூவரின் பங்கை வாங்க முடிவதில்லை. வெளியூர், வெளிநாட்டுப் பணக்காரர்கள் வாங்குகிறார்கள். பட்டினியில்கூட விற்காத நிலம், செழிப்பு வந்த பிறகு கைமாறுகிறது.

காடும் தோப்பும் சுருங்கி எங்கு பார்த்தாலும் ஒரே பயிர் என்றாகும்போது நோயும் வேகமாகப் பரவுகிறது. தத்துப்பூச்சி பரப்பும் ‘தங்க மஞ்சள் நோய்’ வந்த கொடியை வேரோடு பிடுங்கியே ஆக வேண்டும் என்பது சட்டம். ஹேசல்நட் தோப்புகளில் ஆசியாவிலிருந்து வந்த ஒரு நாவாய்ப்பூச்சி சாறு உறிஞ்சிப் பருப்பைக் கெடுக்கிறது. அதன் முட்டையை அழிக்கும் சாமுராய் குளவியை 2020 முதல் இத்தாலியில் வெளியிடுகிறார்கள். காட்டுப்பன்றியைத் தடுக்க மின்வேலி போட்ட தோட்டங்களும் உண்டு.

வெயிலும் கூடிவிட்டது. 2022-ல் வட இத்தாலி கடும் வறட்சியைக் கண்டது. நெபியோலோ அறுவடை முன்பைவிடச் சீக்கிரமே தொடங்குகிறது. வெயில் இல்லை என்று ஒதுக்கிய வடக்குச் சரிவுகளையும் பரோலோவில் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்து, பலத்த எதிர்ப்பும் வந்தது.

வேலையாட்கள் பிரச்னை இன்னும் கசப்பானது. கலாப்ரியா மணப்பெண்கள் உழைத்த வரிசைகளில் இன்று மாசிடோனியா, ஆப்பிரிக்கா எனப் பல நாட்டவர் உழைக்கிறார்கள். நடுவில் கங்காணிகள். 2024-ல் ஆல்பா பகுதியில் தொழிலாளர்களை அடித்து, குறைந்த கூலிக்கு வேலை வாங்கிய கங்காணிகளைப் போலீஸ் கைது செய்தது. குடுவை விலை ஏறிய அளவுக்குக் கூலி ஏறவில்லை என்ற உண்மையை அந்த வழக்கு வெளிச்சம் போட்டுக் காட்டியது.

போகிறவர்களுக்கு

லாங்கேயைப் பார்க்கச் சிறந்த காலம் செப்டம்பர் மத்தியிலிருந்து நவம்பர் வரை. அறுவடை, இலை நிறம் மாறுதல், ஆல்பாவின் ட்ரஃபிள் சந்தை மூன்றையும் பார்த்துவிடலாம். கூட்டம் அதிகம், வாடகையும் அதிகம். விவசாயத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் குளிர்காலம்தான் ஏற்றது. ஜனவரி, பிப்ரவரியில் கவாத்து நடக்கும். ஒரு கொடியில் ஒரே ஒரு கிளையை, பத்துக் கணு அளவில் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் கழிப்பார்கள். அந்தக் கிளையை வளைத்துக் கம்பியில் கட்டுவார்கள். பழைய ஆட்கள் பிளாஸ்டிக் கயிறு தொடாமல், வில்லோ மரத்தின் ஈரக் குச்சியாலேயே முடிச்சுப் போடுவதையும் பார்க்கலாம். எந்தக் கிளையை விடுவது, எதை வெட்டுவது என்ற முடிவு அடுத்த ஆண்டுக்கு மட்டுமல்லாமல் அதற்கடுத்த ஆண்டுக்கும் சேர்த்து எடுப்பது. அதனால் அந்த வேலையைப் புது ஆளிடம் விடுவதில்லை.

அறுவடைக் காலத்தில் பர்பரெஸ்கோவுக்குப் போகிறவர்கள், கூட்டுறவுக்குத் திராட்சை ஏற்றி வரும் டிராக்டர்களைக் காணலாம். நாலு ஏக்கர்காரரும் இருபது ஏக்கர்காரரும் ஒரே வரிசையில்தான் காத்திருப்பார்கள். தராசும், சர்க்கரை பார்க்கும் கருவியும் இருவருக்கும் ஒன்றுதான்.